கோட்டையூருக்குச் செல்லுமுன்

வெளிநாட்டுப் பயணத்திற்குத் திட்டம் வகுப்பதைக் கணக்கர் வேலை என்றே பலரும் கருதுகின்றனர். நாள் எத்தனை, செலவு எவ்வளவு, தங்குமிடம் எங்கே என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால் திட்டம் முற்றுப்பெற்றது என்பது அவர்தம் எண்ணம். ஆனால், எதை முதலில் காண்பது, எதற்கு ஒரு பகலை ஒதுக்குவது, எதற்குக் கால்மணி நேரம் போதும், எதைக் காணாமலே விட்டுவிடுவது என்று ஒருவன் தாளில் எழுதும்பொழுது, தான் அறியாமலே ஒரு தீர்ப்பையும் எழுதிவிடுகிறான். எது பெரிது, எது சிறிது என்னும் தீர்ப்பு அது. சில ஊர்களில் இத்தீர்ப்பால் எவருக்கும் ஊறில்லை. நீர்வீழ்ச்சியை முதலில் கண்டு பூங்காவைப் பின்னர்க் கண்டால் உலகம் கவிழ்ந்துவிடாது. வேறு சில ஊர்களோ, வருகின்றவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று வினவும் இயல்புடையன. வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில், கடலோரத்தில் அமைந்துள்ள கார்னார்வன் அத்தகைய ஊர்.

வழியைச் சொல்வது எளிது. இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் புகைவண்டி ஏறினால் மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பொழுதில் பாங்கர் நகரை அடையலாம். அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ அரைமணிப் பயணம். கார்னார்வனுக்கே வந்துகொண்டிருந்த பெரிய இருப்புப்பாதை 1970ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மலைகளினூடே போர்த்மடோக் ஊருக்குச் செல்லும் குறும்பாதைப் புகைவண்டி மட்டும் பயணிகளுக்காகப் புதுப்பிக்கப்பெற்று, 2011 முதல் முழுத் தொலைவும் ஓடலாயிற்று. பேருந்து ஊரை நெருங்கும்பொழுது மெனாய் நீரிணையும், அதற்கப்பால் ஆங்கிள்சி தீவும் தோன்றும். செயோன்ட் ஆறு அந்நீரிணையில் கலக்கும் இடத்தில் எழுந்து நிற்கிறது கோட்டை.

அதன் அழகை மறைத்துப் பேசுவது பொய்யாகும். பிற கோட்டைகளின் கோபுரங்கள் வட்ட வடிவின. இதன் கோபுரங்களோ பல பட்டைகளாகச் செதுக்கப்பட்டவை. வெளிறிய கல்வரிசைகளுக்கிடையே கருநிறக் கல்வரிசைகள் பட்டிபட்டியாக ஓடும். பண்டைய கான்ஸ்டான்டிநோபிள் நகரின் மதிலைப் பார்த்து அமைத்த கோலம் என்று அறிஞர் சிலர் கூறுவர். அதை ஏற்காதாரும் உளர். மேற்கு முனையில் கழுகுக் கோபுரம், தன் தலைமேல் மூன்று சிறு கோபுரங்களைச் சுமந்து நிற்கிறது. 1283ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1330 வரை நீண்டது. இருபதாயிரம் பவுனுக்கு மேல் செலவாயிற்று என்று கணக்கிட்டுள்ளனர். அவ்வளவு செலவிட்டும் உட்கட்டடங்கள் பல முற்றுப்பெறவில்லை என்பது வேறு. 1986ஆம் ஆண்டில், கான்வி, ஹார்லெக், பியூமாரிஸ் ஆகிய கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எந்நாட்டிலிருந்து செல்பவரும் அண்ணாந்து பார்த்து நின்றுவிடுவர். பார்க்கத்தான் வேண்டும்.

ஆயினும், அது எதற்காகக் கட்டப்பட்டது?

1282ஆம் ஆண்டு டிசம்பரில், வேல்ஷ் மக்களின் இளவரசர் லுவெலின் ஆப் கிரிபித் போரில் கொல்லப்பட்டார். மறு ஆண்டில் அவருடைய தம்பி டாபித் பிடிபட்டு, ஷ்ரூஸ்பரி நகரில் கொடிய முறையில் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, வென்ற நிலத்தைச் சுற்றிக் கற்கோட்டைகளை வளையமாக எழுப்பினார். சவாய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அப்பணிகளுக்குத் தலைமை தாங்கினார். கார்னார்வனில் அதற்கு முன்பே வேல்ஷ் மக்களின் சிற்றூர் ஒன்று இருந்தது. புதிய ஊருக்கு இடம் வேண்டி அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. இடிபட்ட வீடுகளுக்கு இழப்பீடு மூன்று ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. கோட்டையை ஒட்டி மதில் சூழ்ந்த புதிய நகரம் தோன்றியது. அதில் நிலம் பெற்றுக் குடியேறியவர்கள் இங்கிலாந்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். வேல்ஷ் மக்கள் சந்தைக்கு அங்கேதான் வரவேண்டும்; ஆனால் மதிலுக்குள் உரிமையுடைய குடிகளாக இருத்தல் இயலாது. 1402ஆம் ஆண்டின் சட்டங்கள் இத்தடைகளை இன்னும் இறுக்கின. நடைமுறையில் நாளடைவில் பலர் உள்ளே புகுந்தனர் என்றாலும், சட்டப் புத்தகத்திலிருந்து அவ்விதிகள் நீங்க 1624 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழில் 'அரண்' என்று சொல்லும்பொழுது காவல் என்னும் பொருளே முன்னிற்கிறது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு நாட்டு மக்களைப் பகைவரிடமிருந்து காப்பது அரண் என்பது நம் இலக்கியங்களின் பொதுவான நோக்கு. கார்னார்வன் கோட்டைக்கு அச்சொல் பொருந்துமா? அங்கே உள்ளிருந்தவர் வந்தேறியவர். வெளியே நின்றவர் மண்ணுக்குரியவர். அம்மண்ணின் மக்களிடமிருந்து வென்றவனைக் காக்க எழுந்த சுவர் அது. உருவத்தில் அரண், செயலில் விலங்கு. இந்த ஒன்றை உணராமல் அதன் அழகை வியப்பவன், சிறைக்கூடத்தின் சிற்ப வேலைப்பாட்டை வியப்பவனுக்கு ஒப்பாவான் என்று ஒருவர் வாதிட்டால், அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

அக்காலத்துக் குழந்தைகள் இருவரின் கதையை ஒருங்கே வைத்துப் பார்க்கலாம். 1284ஆம் ஆண்டு ஏப்ரலில் கார்னார்வனில் எட்வர்டு மன்னருக்கு ஒரு மகன் பிறந்தான். ஆங்கிலம் ஒரு சொல்லும் பேசாத இளவரசனைத் தருவதாக மன்னர் வேல்ஷ் தலைவர்களுக்கு வாக்களித்து, பின்னர்ப் பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினார் என்றொரு கதை உண்டு. சுவையான கதை, பள்ளிகளில் சொல்வதற்கு ஏற்றது. ஆனால் அது பதினாறாம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. குழந்தை பிறந்தபொழுது அவனுக்கு மூத்தவன் ஒருவன் உயிரோடிருந்தான். வேல்ஸ் இளவரசன் என்னும் பட்டம் அவனுக்கு 1301இல்தான் வழங்கப்பட்டது. தோற்றவர்களை அறிவிலிகளாக்கிச் சிரிக்கவைக்கும் கதைகளை வென்றவர்கள் விரும்புவது இயல்பே. மற்றொரு குழந்தையைப் பற்றி அவ்வாறான கதை ஏதும் இல்லை. லுவெலினின் ஒரே மகள் குவென்லியன் 1282இல், அதே கடற்கரையில் சில கல் தொலைவிலுள்ள ஆபர் என்னுமிடத்தில் பிறந்ததாகக் கொள்ளப்படுகிறது. அவளைப் பெற்றபொழுதே தாய் இறந்தாள். அவ்வாண்டு முடியுமுன் தந்தையும் மாண்டார். கைக்குழந்தையாகவே அவளை இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள செம்பிரிங்காம் கன்னிமாடத்திற்கு அனுப்பினர். 1337ஆம் ஆண்டில் அங்கேயே உயிர்நீத்தாள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான வாழ்வு! தாய்மொழியைத் தாலாட்டாகவேனும் கேட்டு நினைவில் வைத்திருக்க அவளுக்கு வயதிருந்ததா என்பதும் ஐயமே. கார்னார்வனுக்குச் செல்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அவள் பெயரை அறிந்து செல்கின்றனர்?

இங்கே ஒருவர் எழுந்து, "எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு இன்றைய பயணி என்ன செய்வான்? அவன் எட்வர்டின் பேரனும் அல்லன்; லுவெலினின் பேரனும் அல்லன். நுழைவுக் கட்டணம் செலுத்துகிறான்; பார்க்கிறான்; திரும்புகிறான்" என்று கூறக்கூடும். நியாயமான கேள்விதான். பழைய குற்றத்திற்குப் புதிய மனிதனைக் கூண்டில் நிறுத்துவது அறமாகாது. எனினும், குற்றத்தில் பங்கில்லாமை வேறு. அறியாமையில் நிறைவு காண்பது வேறு. இறந்தவர் வீட்டிற்கு வழிப்போக்கனாக நுழைந்துவிட்ட ஒருவன் அங்கு அழவேண்டியதில்லை. ஆனால் அது எத்தகைய வீடு என்று தெரிந்துகொள்ளாமல், சுவரில் மாட்டியிருக்கும் படம் அழகாக இருக்கிறது என்று உரக்கப் பேசினால் அது பண்பாகுமா?

வேறொருவர் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வருவார். "அடக்குமுறையின் சின்னத்தைக் காணவே கூடாது, அங்கே காசு கொடுப்பதும் தவறு" என்பார். இவருடைய சினம் தூயதாக இருக்கலாம்; சிந்தனை அவசரமானது. அக்கோட்டையின் கற்களை எட்வர்டு மன்னர் சுமக்கவில்லை. இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து கட்டாயமாகத் திரட்டிவரப்பட்ட மண்வெட்டிகளும் தச்சர்களும் கொத்தர்களும் ஊர்விட்டு ஊர்வந்து உழைத்து எழுப்பியது அது. மேலும், வேல்ஷ் மக்கள் எல்லாரும் ஒரு பக்கமும் ஆங்கிலேயர் எல்லாரும் மறுபக்கமும் நின்றனர் என்று நினைப்பதும் வரலாறாகாது. லுவெலினுக்கு எதிராக எட்வர்டின் படையில் நின்ற வேல்ஷ் வீரர்கள் ஆயிரக்கணக்கினர். 1298இல் ஸ்காட்லாந்தின் பால்கர்க் போர்க்களத்திலும் அம்மன்னருக்காக வேல்ஷ் காலாட்படையினர் பெருந்தொகையாகச் சென்றனர். அடக்கப்பட்டவர்களையே அடுத்தவரை அடக்கப் பயன்படுத்துவது பேரரசுகள் யாவற்றுக்கும் கைவந்த கலை. அதன் விரிவைக் கிழக்கு நாட்டினருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

வெறுப்பவர் மறந்துவிடும் மற்றோர் உண்மையும் உண்டு. அக்கோட்டை இன்று யாருடையது? அதைப் பேணிவரும் அரசுத் துறையின் பெயர் 'காடூ'. வேல்ஷ் மொழியில் காத்தல், பேணுதல் என்பது அச்சொல்லின் பொருள். 1984ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது அத்துறை. எவரை அடக்க அச்சுவர் எழுந்ததோ அவர்தம் வழிவந்தோரே இன்று அதன் காவலர். அவர்களே நுழைவுச்சீட்டு வழங்குகின்றனர். அவர்களே இடிந்த படியைச் செப்பனிடுகின்றனர். 2023இல் மன்னர் வாயிலில் மின்தூக்கி ஒன்றை அமைத்து, நடக்க இயலாதவரும் மேல்தளத்திற்கு ஏறிக் காண வகைசெய்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேல்ஷ் எழுத்தாளர் தாமஸ் பென்னன்ட், இக்கோட்டையின் மாண்பையும் தம் மக்களின் அடிமைத்தனத்தையும் ஒரே தொடரில் இணைத்துக் கூறினார். வியப்பை மறைக்கவுமில்லை, காயத்தை மறக்கவுமில்லை. அடக்கப்பட்ட இனத்தில் பிறந்தவரே இரண்டையும் ஒருசேரத் தாங்கியிருக்கும்பொழுது, வெளியிலிருந்து செல்பவன் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்வது எதற்கு?

கோட்டை அவ்வூரின் முதல் அதிகாரமும் அன்று, கடைசி அதிகாரமும் அன்று. மேட்டின்மேல் செகான்டியம் என்னும் உரோமானியப் படைத்தளத்தின் அடித்தளங்கள் இன்னும் கிடக்கின்றன. கி.பி. 77ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் விளங்கிய தளம் அது. 1294இல் மடோக் ஆப் லுவெலின் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்து, முற்றுப்பெறாத கோட்டையைக் கைப்பற்றினர். மறு ஆண்டே ஆங்கிலேயர் அதை மீட்டனர். 1404இல் ஓவைன் கிளின்டூரின் படை முற்றுகையிட்டபொழுது உள்ளே இருபத்தெட்டுப் பேரே இருந்து காத்தனர் என்பர். கோட்டைக் கலையின் திறம் அதுவென்றால், அத்திறத்தின் துயரமும் அதுவே. பின்னர் வந்த நூற்றாண்டுகளில் கோட்டை பயனற்று, கூரையின்றிச் சிதைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் காலடியிலேயே பலகைக்கல் துறை செழித்தது. நான்ட்லெ பள்ளத்தாக்கில் வெட்டிய கூரைக்கற்கள் அங்கிருந்து கப்பலேறின. கல்லுடைத்தவர்களின் மொழி வேல்ஷ். அவர்களுக்காக வேல்ஷ் மொழிச் செய்தித்தாள்கள் அவ்வூரில் அச்சாயின. ஆங்கிலேயருக்கென்று கட்டிய நகரம், வேல்ஷ் அச்சுத்தொழிலின் தலைநகரம் ஆயிற்று. காலத்தின் இந்தக் குறும்பைக் காண எட்வர்டு இல்லை.

அவ்வூர்த் தொகுதியை 1890 முதல் 1945 வரை நாடாளுமன்றத்தில் பேராண்மை செய்தவர் லாயிட் ஜார்ஜ். வேல்ஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிரிட்டனின் தலைமை அமைச்சராக உயர்ந்தவர் அவர் ஒருவரே. 1911இல் இளவரசர் பட்டமேற்பு விழாவை இக்கோட்டைக்குள் நடத்த முன்னின்றவரும் அவரே. 1969 சூலை முதல் நாள், பின்னாளில் மன்னரான சார்லஸ் இளவரசருக்கும் இங்கேயே பட்டம் சூட்டப்பட்டது. அதற்கு முன் அவர் ஒரு பருவம் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் வேல்ஷ் மொழி பயின்றார். விழாவிற்கு முன்னாள் இரவு அபெர்கிலி என்னும் ஊரில் தாங்கள் எடுத்துச்சென்ற வெடிகுண்டே வெடித்து இருவர் மாண்டனர். மகிழ்ந்து கொடியசைத்தவர்களும் அந்நாட்டவரே. மனம் கசந்து ஒதுங்கியவர்களும் அந்நாட்டவரே. எது சரியென்று வெளியார் தீர்ப்பளிக்கத் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கோட்டையைவிட நெருக்கமான செய்தி அவ்வூரின் மொழி. 'வேல்ஸ்' என்னும் பெயரே ஆங்கிலேயரின் மூதாதையர் இட்டது; அயலார் என்பது அதன் மூலப்பொருள். சொந்த மண்ணில் இருந்தவர்களை வந்தவர்கள் அயலார் என்றனர்! அம்மக்கள் தம் நாட்டைக் 'கம்ரி' என்பர். உடன்வாழும் நாட்டவர் என்னும் பொருளில் பிறந்த சொல் அது. கார்னார்வன் என்னும் ஊர்ப்பெயரும் ஆங்கிலமன்று. மோன் தீவிற்கு எதிரேயுள்ள நிலம் ஆர்வோன். அங்குள்ள கோட்டை 'கைர்னார்வோன்'. வென்றவன் கல்லால் கட்டினான். பெயரைத் தோற்றவனிடமிருந்தே பெற்றான்.

அம்மொழி பட்ட பாடு சிறிதன்று. 1536ஆம் ஆண்டின் சட்டம், வேல்ஷ் மொழி பேசுவோர் அரசுப் பதவி வகிக்கத் தடை விதித்தது. 1847இல் அரசு ஆய்வாளர் மூவர் அளித்த அறிக்கை, அம்மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்தம் மொழியே காரணம் என்று பழித்தது. பள்ளிகள் பலவற்றில், வேல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அப்பிள்ளை, வேறொரு பிள்ளை வேல்ஷ் பேசக் கேட்டால் அம்மரத்துண்டை அதன் கழுத்துக்கு மாற்றலாம். பள்ளி முடியும் வேளையில் எவர் கழுத்தில் அது இருக்கிறதோ அவருக்கு அடி. எந்தச் சட்டமும் இதனை ஆணையிடவில்லை. செய்தவர்கள் ஆசிரியர்கள், அவர்களில் பலர் வேல்ஷ் மக்களே, பெற்றோர் பலரும் பிள்ளையின் நன்மைக்கே என்று எண்ணி ஒப்பினர். கோட்டை செய்ய முடியாததை வகுப்பறை செய்ய முயன்றது. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஒரு வழக்கத்தை நினைத்துப் பார்த்தால், கார்னார்வன் மதில் அவ்வளவு கொடியதாகத் தோன்றாது. மதில் உடலைத்தான் வெளியே நிறுத்தியது. மரத்துண்டோ பிள்ளைகளையே ஒருவர்க்கொருவர் ஒற்றராக்கியது.

ஆயினும் மொழி மாளவில்லை. 1939இல் அபெரிஸ்ட்வித் நகரில் ஏழு பிள்ளைகளோடு முதல் வேல்ஷ்வழித் தொடக்கப்பள்ளி எழுந்தது. ஏழே பிள்ளைகள்! மாணவர் எண்ணிக்கை குறைந்த சிறு பள்ளியை நடத்திய எவரும் அந்த எண்ணின் கனத்தை உணர்வர். 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி வேல்ஸ் நாட்டில் அம்மொழி பேசுவோர் 5,38,000 பேர், மக்கள்தொகையில் 17.8 விழுக்காடு. கார்னார்வன் ஊரிலோ பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பேசுகின்றனர். ஒருகாலத்தில் எந்த மதிலுக்குள் அம்மக்களுக்கு இடமில்லையோ, அதே மதிலுக்குள் இன்று கடைக்காரர், காவலர், பள்ளிப்பிள்ளை எல்லாரும் அம்மொழியிலேயே பேசுகின்றனர். மதிலை இடிக்கவில்லை, குடியேறிவிட்டார்கள்.

இவ்விடத்தில் கதையை நிறுத்திக்கொண்டால் மனத்திற்கு இனிமையாக இருக்கும். பயணத் திட்டம் வகுப்பவன் அவ்வாறு நிறுத்த இயலாது. ஏனெனில் அடுத்த பகுதியில் அவனே வருகிறான்.

கார்னார்வன் அடங்கிய குவினெத் மாவட்டத்தில் மலையும் கடலும் அழகு. அழகுள்ள இடத்தில் வெளியூர்ச் செல்வர் விடுமுறைக்கென வீடு வாங்குவர். வேறு சிலர் வீடுகளை வாங்கி நாள்வாடகைக்கு விடுவர். வீட்டு விலை உயரும். உள்ளூர் இளைஞர், பிறந்த ஊரில் குடியிருக்க வீடின்றி வெளியேறுவர். அவரோடு அவர் மொழியும் வெளியேறும். இக்கவலையால் குவினெத் மாவட்ட மன்றம், 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு 150 விழுக்காடு கூடுதல் வீட்டுவரி விதித்தது. 2024 செப்டம்பரில், குடியிருப்பு வீட்டை விடுமுறை வீடாக மாற்றுவதற்கு முன்அனுமதி பெறவேண்டும் என்னும் விதியையும் கொண்டுவந்தது. அவ்விதியை எதிர்த்து வழக்கும் எழுந்தது. வீடு வைத்திருப்போர்க்கும் தம் நியாயம் உண்டு. பயணிகளின் வருவாயின்றி அவ்வட்டாரம் வாழ்வதும் அரிது. இருந்தாலும், 1283இல் இடிக்கப்பட்ட வீடுகளுக்காக இரங்கும் பயணி, தான் ஒரு வாரம் தங்குவதற்கென்று தேர்ந்தெடுத்த 'அழகிய சிறுகுடில்' நேற்று வரை யாருடைய குடியிருப்பு என்று கேட்கவேண்டாமா? பழைய கொடுமைக்காகக் கண்ணீர் விடுவதற்குச் செலவில்லை. இன்றைய செயலைச் சற்றே மாற்றிக்கொள்வதற்குச் செலவு உண்டு. அதனால்தான் முன்னதை எல்லாரும் செய்கின்றனர்.

ஆகவே அறம் இங்கே கோட்டையைப் பற்றிய உணர்ச்சியில் தொடங்கவில்லை. தங்குமிடத்தைத் தேர்வதில் தொடங்குகிறது. உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதி, அல்லது நெடுங்காலமாகத் தங்குவிடுதியாகவே இருந்துவரும் இடம் சற்று வசதி குறைந்திருப்பினும் அதுவே தக்கது. பகலில் வந்து மாலையில் ஓடிவிடாமல் ஓர் இரவேனும் தங்குவது நன்று. காலையில் பேருந்தில் கொட்டப்பட்டு, கோட்டையை மட்டும் சுற்றிவிட்டு, அடுத்த ஊருக்கு ஏற்றப்படும் கூட்டம் எட்வர்டு மன்னர் காட்ட விரும்பியதை மட்டுமே காண்கிறது. இதைச் சொல்வதால் நாளும் பொருளும் குறைவாக உடைய பயணியை இழித்துரைப்பதாகக் கொள்ளவேண்டா. இருக்கும் பொழுதை எவ்வாறு பங்கிடுவது என்பதே கேள்வி.

மொழியிலும் சிறு முயற்சி வேண்டும். காலை வணக்கத்திற்குப் 'போரெ தா', நன்றிக்கு 'டியோல்ஹ்'. இவ்விரண்டையும் வழியிலேயே கற்றுவிடலாம். லுவெலின் என்னும் பெயரின் முதலொலி கடினம். நாவை லகரத்திற்கு வைத்துக் காற்றை மட்டும் பக்கவாட்டில் விடவேண்டும். ழகரம் வராத அயலாரைக் கண்டு புன்னகைக்கும் தமிழாசிரியர்கள், அவ்வொலிக்கு முன் சற்று அடக்கம் கற்கலாம். பிழையாகச் சொன்னாலும் அவ்வூரார் பொறுத்துக்கொள்வர். சொல்லவே முயலாதவனைத்தான் நூற்றாண்டுக்கணக்கில் பார்த்துச் சலித்திருக்கின்றனர்.

பின்னர், பார்க்கும் வரிசை. காலையில் முதலில் மேட்டிலுள்ள செகான்டியத்திற்கு ஏறுவது பொருந்தும். எட்வர்டுக்கு முன்பும் பேரரசுகள் அங்கே வந்து சென்றன என்பதைக் கால்களே உணர்த்தும். அதனருகே லான்பெப்லிக் திருக்கோயில். ஊரின் பழைய பங்குக்கோயில் மதிலுக்கு வெளியே இங்கு இருக்க, கோட்டைப் படையினருக்கென்று கட்டிய தூய மரியாள் கோயில் மதிலின் மூலையோடு ஒட்டி உள்ளே இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே காலையில் கண்டால், வெளியே நின்றவர் யார், உள்ளே இருந்தவர் யார் என்று நூல்கள் கூறுவது கண்கூடாகும். கோயில் பூட்டியிருந்தாலும் கேடில்லை. நின்று பார்க்க வெளிப்புறம் போதும். பிறகு இறங்கி வந்து, மதிலின் வெளிப்பக்கமாகவே நீரிணையோரம் நடந்து, உட்புக உரிமையற்று நின்றவர்கள் எந்தக் கோணத்திலிருந்து அச்சுவரைப் பார்த்தனரோ அக்கோணத்திலிருந்து அதைப் பார்க்கவேண்டும். அதன் பின்னரே கோட்டைக்குள் நுழையவேண்டும். இரண்டு மணி நேரம் போதும். மேலே ஏறும்பொழுது வியப்புத் தோன்றுமானால் தோன்றட்டும். அதற்காக நாணத் தேவையில்லை.

மாலைப்பொழுது பலகைக்கல் துறைக்கும் 'மாய்ஸ்' என்னும் ஊர்ச்சதுக்கத்திற்கும் உரியது. அங்கே லாயிட் ஜார்ஜின் சிலை நிற்கிறது. உட்கார்ந்திருக்க இருக்கைகள் உண்டு. அவ்வூராரைக் 'கோவி' என்பர். அவர்கள் பேசும் வழக்கு, பிற வேல்ஷ் மக்களுக்கே புரியாத அளவுக்குத் தனித்தது என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வர். பள்ளிவிட்ட பிள்ளைகள் சதுக்கத்தைக் கடந்து செல்லும் நேரம் அது.

ஒரே பகல்தான் உண்டு, இவற்றில் ஒன்றை விட்டாக வேண்டும் என்றால் எதை விடுவது? கோட்டையின் உள்முற்றத்தில், 1969 விழாவிற்கென்று அமைத்த வட்டமான பலகைக்கல் மேடை ஒன்று இருக்கிறது. பயணிகள் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வர். அதற்கு வரிசையில் நிற்கும் கால்மணி நேரத்தை விட்டுவிடலாம்.